ஐந்து மிடறு

அக்டோபர் கடைசி வாரம், இரவு எட்டு மணி. கிரேவே ஊரின் சதுக்கம் பெயருக்குத்தான் சதுக்கம், வடிவம் முக்கோணம். ஒரு முனை குறுகிக்கொண்டே போய் தேவாலயத்தில் முட்டுகிறது. பக்கங்களில் வளைவு வளைவாகத் தாழ்வாரம். நடுவில் ஜொவான்னி தா வெராத்சானோவின் சிலை. 1524-ல் நியூயார்க் துறைமுகத்துக்குள் கப்பலைக் கொண்டுபோன மாலுமி. அவருடைய குடும்பக் கோட்டை இந்தப் பக்கத்துக் குன்றில்தான் இருக்கிறது. ஃப்ளாரன்ஸிலிருந்து தெற்கே 30 கிலோமீட்டர் அளவில், கியாந்தி மலைச்சரிவின் நடுவே உள்ள ஊர். அறுவடை முடிந்துவிட்டது. ஆனாலும் தெருவில் நடந்தால் பிழிந்த திராட்சைத் தோலின் வாடை எங்கிருந்தோ வந்து மூக்கில் தட்டுகிறது. ஆப்பமாவு பொங்கி நிற்கும் விடியற்காலை அடுப்படி வாடைக்குப் பக்கத்துச் சொந்தம் அது.

தாழ்வாரத்துக்குள் ஒரு சாப்பாட்டுக் கடை. எட்டு மேசை. சுவரோரம் கண்ணாடி அலமாரி ஒன்று. உள்ளே புட்டிகள் கழுத்தில் குழாய் மாட்டிக்கொண்டு வரிசையாக நிற்கின்றன. திறந்த ஒயினில் காற்றுப் படாதபடி உள்ளே வாயு நிரப்பியிருக்கிறார்கள். கல்லாவில் பணம் கட்டினால் ஓர் அட்டை தருவார்கள். அதைச் செருகி, வேண்டிய புட்டிக்கு மேலே உள்ள பொத்தானை அழுத்தினால் அளந்து ஊற்றும். நான் அழுத்திய புட்டியை முழுசாக வாங்குவதென்றால் 100 யூரோவைத் தாண்டும். எனக்கு 75 மில்லி போதும். புட்டியில் பத்தில் ஒரு பங்கு. பொறுமையாகக் குடித்தால் ஐந்து மிடறு.

திஞ்ஞனெல்லோ. 2016.

பெயரை ஆங்கிலம் வழியாகப் படித்தவர்கள் நடுவில் ஒரு ‘க்’ சேர்த்துத் தடுக்கி விழுவார்கள். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. இத்தாலியன் அந்த இடத்தில் கேட்பது நம்முடைய ‘ஞ’வைத்தான், ஞாயிறு, ஞானம் என்று சொல்லிப் பழகிய நாக்குக்கு இந்தப் பெயர் முதல் தடவையே வசப்படும்.

மூலை மேசையில் உட்கார்ந்தேன். முதல் மிடறை உடனே குடிக்கவில்லை. கோப்பையை வெள்ளை மேசைவிரிப்பின்மேல் சாய்த்துப் பார்த்தேன். நடுவில் நாவல்பழம் மென்ற வாயின் நிறம். விளிம்புக்கு வரவர வெளுத்து, மாதுளை முத்தின் சிவப்பாகி, கடைசிக் கோட்டில் செங்கல் நிறம் மெல்லத் தொடங்கியிருக்கிறது. வயது ஏறுகிறது என்பதற்கு அந்தக் கோடுதான் அடையாளம்.

அப்போதுதான் அந்த மூவரும் வந்து பக்கத்து மேசையில் அமர்ந்தார்கள். முதியவர் ஒருவர், எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். நாற்பது தாண்டிய பெண்; முகவாய்க்கட்டு அப்படியே அவருடையது, மகளாகத்தான் இருக்க வேண்டும். பதினெட்டு வயது மதிக்கத்தக்க பையன். ‘நோன்னோ’ என்று முதியவரை அழைத்தான். தாத்தா என்று பொருள். முதியவரின் வலது கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேரும் இடத்தில் தோல் காய்த்து மஞ்சளாக இருந்தது. கொடி வெட்டும் கத்தரியைப் பல குளிர்காலம் பிடித்த கையில் அந்த இடத்தில்தான் காய்க்கும். வேறு வேலையாகவும் இருந்திருக்கலாம். நான் கேட்கவில்லை.

அவர்கள் பட்டியலைப் பார்க்கவில்லை. மகள் பரிமாறும் அம்மாவிடம் ஏதோ சொன்னாள். அந்த அம்மா உள்ளே போய்ப் புட்டியைக் கைக்குழந்தைபோலச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார். அதே பெயர். அதே 2016. முதியவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சீட்டை விரலால் ஒரு முறை தடவிப் பார்த்தார். தலையசைத்தார்.

திறப்பதை முழுதாகப் பார்த்தேன். கழுத்து வளையத்துக்குக் கீழே தகட்டைக் கத்தியால் ஒரு சுற்று. தகட்டுத் தொப்பி கழன்றது. பரிமாறும் அம்மா துணியால் புட்டியின் வாயைத் துடைத்தார். திருகாணி சத்தமில்லாமல் இறங்கியது. தக்கையை ஒரே இழுப்பில் இழுக்கவில்லை. முக்கால்வாசி வந்ததும் விரல்களால் பிடித்து, மூச்சுவிடும் சத்தம்கூட வராமல் எடுத்தார். அதன் ஈரமுனை கருஞ்சிவப்பாக ஊறியிருந்தது. பக்கவாட்டில் கசிவு ஏறவில்லை. அதை ஒரு சின்னத் தட்டில் முதியவர் பக்கம் வைத்தார். அகலமான மூன்று கோப்பைகள், மூன்றிலும் கால்பாகத்துக்கும் குறைவு. முதியவர் கோப்பையின் காலைப் பிடித்து மேசையிலிருந்து எடுக்காமலே இரண்டு சுற்றுச் சுற்றினார். முகர்ந்தார். கீழே வைத்தார்.

“கியூசோ” என்றார். மூடியிருக்கிறது.

என் முதல் மிடறும் அதையேதான் சொன்னது. பழம் எங்கோ கதவுக்குப் பின்னால் நிற்கிறது. முன்னால் வந்து நிற்பவை மூன்று: மரப்பீப்பாயின் கிராம்பு வாசனை, நாக்கின் இரு ஓரத்திலும் கூராக ஏறும் புளிப்பு, அப்புறம் ஈறு முழுக்கப் படரும் துவர்ப்பு.

பையன் காத்திருக்கவில்லை. குடித்தான். உதடு உள்ளே போனது, நாக்கு மேல்வரிசைப் பல்லை ஒரு முறை துழாவிவிட்டு வந்தது, கன்னம் ஒட்டியது. பாக்கை வெறும் வாயில் கடித்தவன் முகம். தண்ணீர்க் குவளையைத் தேடினான். முதியவர் அவன் முகத்தைப் பார்த்தார், சிரிக்கவில்லை. கையை மெல்ல உயர்த்தி, “ஆஸ்பெத்தா” என்றார். பொறு.

மேற்கத்திய விஞ்ஞானம் துவர்ப்பைச் சுவைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது தொடு உணர்ச்சி என்று ஒதுக்கி வைத்திருக்கிறது. காரணம் இருக்கிறது. திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின் உமிழ்நீரின் புரதத்தைப் பிடித்துக்கொண்டு திரிந்துவிடுகிறது. வாயின் வழவழப்புப் போய்விடுகிறது. உலர்ந்தாற்போல ஓர் இழுப்பு. ஆனால் ஒரு சிவப்பு ஒயினை வாயில் வைத்துக்கொண்டு யோசிக்கும்போதெல்லாம் அறுசுவை என்று எண்ணி வைத்தவர்கள்மேல் எனக்கு நன்றி பெருகுகிறது. துவர்ப்புக்கு இனிப்பின் பக்கத்திலேயே சரியாசனம் போட்டு உட்காரவைத்த மொழி நம்முடையது. வாழைப்பூவின் துவர்ப்பு வேறு, மாதுளைத் தோலின் துவர்ப்பு வேறு, பிஞ்சுக் கொய்யாவின் துவர்ப்பு வேறு, கடுக்காயின் துவர்ப்பு வேறு என்று பிரித்துச் சொல்ல நமக்குத் தெரியும். நெல்லிக்காயைக் கடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தால் இனிக்கும் என்பது எந்தப் பிள்ளைக்கும் தெரியும். துவர்ப்புக்குப் பின்னால் ஒன்று வரும் என்று நம்பிக் காத்திருக்கப் பழகிய நாக்கு அது.

கியாந்திக்காரர்கள் ஒரு நூறு ஆண்டு அந்தப் பொறுமையை இழந்திருந்தார்கள். இந்த மண்ணின் திராட்சை சாஞ்சோவேசே. புளிப்பும் துவர்ப்பும் மிக்கது, இளமையில் முரடு. 1872-ல், இத்தாலியின் பிரதமராகவும் இருந்த பரோன் பெத்தினோ ரிகாசோலி தம் கடிதமொன்றில் கியாந்திக்கான கலவையை எழுதி வைத்தார்: சாஞ்சோவேசே முதன்மை, அதன் கடுமையைத் தணிக்கக் கனையோலோ, சீக்கிரம் குடிக்க வேண்டிய ஒயினுக்குக் கொஞ்சம் மல்வாசியா என்ற வெள்ளைத் திராட்சை. நெடுநாள் வைத்துக் குடிப்பதற்கு அந்த வெள்ளை வேண்டியதில்லை என்றும் சேர்த்தே எழுதினார். பின்னால் வந்தவர்களின் காதில் முதல் பாதிதான் விழுந்தது. 1967-ல் வந்த சட்டம் சிவப்புக் கியாந்தியில் 10 முதல் 30 சதவீதம் வெள்ளைத் திராட்சை இருந்தே தீர வேண்டும் என்றது. மல்வாசியாவுடன், நிறைய காய்ப்பதைத் தவிர பெரிய குணம் எதுவும் இல்லாத திரெப்பியானோவும் உள்ளே வந்தது. வெளுத்த நிறம், நீர்த்த உடம்பு, வைக்கோல் சுற்றிய குண்டுப் புட்டி. உலகம் கியாந்தி என்றால் மலிவு என்று எடுத்துக்கொண்டது. முரடன் என்று சொல்லி மகனின் குரல்வளையை நெரித்த வேலை என்றே அதை நினைக்கிறேன்.

1385 முதல் ஒயின் தொழிலில் இருக்கும் ஆந்தினோரி குடும்பத்தில், 1966-ல் பொறுப்புக்கு வந்த பியேரோ ஆந்தினோரிக்கு அது பொறுக்கவில்லை. அவரிடம் ஜாக்கோமோ தாகிஸ் என்ற ஒயின் வல்லுநர் இருந்தார். போர்தோவிலிருந்து எமீல் பெய்னோ ஆலோசனைக்கு வந்தார். திஞ்ஞனெல்லோ என்ற ஒரே தோட்டத்தின் பழத்தை மட்டும் எடுத்து, பழைய பெரிய பீப்பாய்களை விட்டுவிட்டு, 225 லிட்டர் கொள்ளும் சின்ன ஓக் பீப்பாய்களில் வைத்து 1970-ல் முதல் ஒயின் செய்தார்கள். அப்போது அதற்குக் கியாந்தி கிளாசிகோ என்றே பெயர். வெள்ளைத் திராட்சையும் கொஞ்சம் இருந்தது. 1971-ல் கியாந்தி என்ற பெயரையே விட்டார்கள். அதனால் சட்டப்படி கிடைத்த தகுதி ‘மேசை ஒயின்’, வரிசையிலேயே கடைசிப் படி. தோட்டத்தின் பெயரை மட்டும் சீட்டில் போட்டுக்கொண்டு அந்தப் படியில் உட்கார்ந்தார்கள். 1975-லிருந்து வெள்ளைத் திராட்சை ஒரு குலைகூட உள்ளே இல்லை. 1982 முதல் கலவை நிலைபெற்றது: ஏறத்தாழ 80 பங்கு சாஞ்சோவேசே, 15 பங்கு கபெர்னே சோவின்யோன், 5 பங்கு கபெர்னே ஃபிராங். எழுத்தாளர்கள் பிற்பாடு இதற்கும் இதன் உறவுக்காரர்களுக்கும் ‘சூப்பர் டஸ்கன்’ என்று பெயர் வைத்தார்கள். கியாந்தி கிளாசிகோ சட்டம் மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. 2006 அறுவடையிலிருந்து அதிலும் வெள்ளைத் திராட்சைக்கு இடமில்லை.

பக்கத்து மேசைக்குக் கறி வந்தது. இரண்டு விரல் கனம், நடுவில் டி வடிவ எலும்பு, மேலே கரி பிடித்த கோடுகள். கத்தி வைத்ததும் உள்ளே செக்கச்செவேல். ஃப்ளாரன்ஸ் பாணி அது; நன்றாக வேகவைத்துக் கொண்டுவா என்று யாரும் கேட்பதில்லை. கூடவே உப்பில்லாத டஸ்கனி ரொட்டி, வெள்ளை மொச்சை, பச்சை நெடி மாறாத ஆலிவ் எண்ணெய்.

முதியவர் எலும்பை ஒட்டிய துண்டை நறுக்கினார். தம் தட்டில் போட்டுக்கொள்ளவில்லை. பையன் தட்டில் வைத்தார். அவன் ஒயின் கோப்பையைத் தள்ளி வைத்திருந்தான். அதை எடுத்து அவன் கைக்குப் பக்கத்தில் நகர்த்தினார். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அவன் கறியை மென்றான். பாதி விழுங்கியதும் கோப்பையை எடுத்தான். இந்தத் தடவை உதடு உள்ளே போகவில்லை. மென்று முடித்தான், ஒரு நொடி நின்றான், இன்னொரு முறை குடித்தான். பிறகு கோப்பையைக் கீழே வைக்காமல் அதற்குள் பார்த்துக்கொண்டிருந்தான், யாரோ அதற்குள் இருந்து அவன் பெயரைச் சொன்னதுபோல.

நடந்தது பெரிய மர்மம் இல்லை. முதலில் டானினுக்குக் கிடைத்தது பையனின் உமிழ்நீர் மட்டும். இப்போது கறியின் புரதமும் கொழுப்பும் நடுவில் வந்துவிட்டன. டானின் அவற்றைப் பிடித்துக்கொண்டது. கொழுப்பின் பிசுக்கைத் துவர்ப்பு துடைத்தது, துவர்ப்பின் முரட்டைக் கொழுப்பு தடவிக்கொடுத்தது, நடுவில் புளிப்பு புகுந்து வாயில் மறுபடி நீர் ஊறவைத்தது. அடுத்த கவளத்துக்கு வாய் தயார். புளிக்குழம்பும் எண்ணெயும் சேரும் இடத்தில் நம் சமையல் கண்டுவைத்திருக்கும் கணக்கும் இதுதான். விஷயம் தெரிந்தாலும், அந்த முகத்தில் அது நடப்பதைப் பார்ப்பது வேறு.

என் இரண்டாவது மிடறு அப்போது. ரொட்டியை எண்ணெயில் தோய்த்துத் தின்றுவிட்டுக் குடித்தேன். புளிப்பு இன்னும் நிமிர்ந்தே இருக்கிறது, ஆனால் கூர் மழுங்கியிருக்கிறது. புளிப்புச் செர்ரி முன்னால் வந்துவிட்டது. கொட்டையை ஒட்டிய சதையின் அந்த மெல்லிய கசப்போடு. பெய்னோவும் தாகிஸும் இங்கே வேரூன்றச் செய்த இன்னொரு வேலையும் இந்த மழுக்கத்தில் இருக்கிறது. ஒயின் புளித்து முடிந்த பிறகு, ஆப்பிளில் இருக்கும் கூரான அமிலத்தைப் பாக்டீரியா பாலில் இருக்கும் சாதுவான அமிலமாக மாற்றும் இரண்டாம் புளிப்பு. தானாக நடந்தால் நடக்கட்டும் என்று விட்டிருந்ததை அவர்கள் திட்டமிட்டுச் செய்தார்கள்.

மகள் அதிகம் பேசவில்லை. தன் கோப்பையை முகர்வதற்கென்றே வைத்துக்கொண்டிருந்தாள், குடித்தது குறைவு. ஒவ்வொரு முறை முகரும்போதும் கண் வாசல் பக்கம் போனது. மூக்கு வேலை செய்யும்போது கண்ணை எங்கேயாவது நிறுத்திவைக்க வேண்டியிருக்கிறது, எனக்கும் அப்படித்தான். ஒரு கட்டத்தில் அவள் தகப்பனார் பக்கம் சாய்ந்து ஒரு சொல் சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. அவர் உடனே முகர்ந்துபார்த்து, ஆமாம் என்று தலையாட்டினார்.

நானும் முகர்ந்தேன். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். கோப்பை திறந்துவிட்டது.

முதலில் வயலட் பூ, உலர்ந்தது. பிறகு புதிதாகச் சீவிய பென்சிலின் வாசனை, மரமும் கரியும் கலந்து. பள்ளிக்கூடத்தில் முதல் நாள் டப்பாவைத் திறந்தவுடன் வருமே, அது. அது கபெர்னே சோவின்யோன் பேசும் இடம். அதன் ஓரத்தில் குடைமிளகாயின் விதையறையைக் கீறியதுபோல ஒரு பச்சை, வந்ததா வரவில்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு. அந்த 5 பங்கு ஃபிராங். ஆனால் இவை எல்லாம் பக்கவாத்தியம். பாடுவது சாஞ்சோவேசேதான். செர்ரி, ஆரஞ்சுத் தோல், தோல்பை, கோடை மழையின் முதல் பத்துத் துளி விழுந்த மண். 1980-களிலும் 90-களிலும் டஸ்கனியில் பலர் கபெர்னேயை அள்ளிப் போட்டு, எந்த நாட்டு ஒயின் என்றே தெரியாத பளபளப்பைச் செய்தார்கள். அவற்றையும் நான் குடித்திருக்கிறேன், நன்றாகத்தான் இருந்தன. மறுநாள் ஒன்றும் நினைவில் இல்லை. இந்தக் கலவையில் வெளியூர்க்காரன் ஐந்தில் ஒரு பங்கோடு நின்றுகொண்டதுதான் இதன் பெருமை. தூண் கொடுத்தான்; வீட்டை எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது மிடறை நாக்கின்மேல் விரித்து வைத்துக்கொண்டேன். துவர்ப்பு இப்போது ஈறைப் பிடிக்கவில்லை. துணியாகச் சொன்னால் காடா மல்லாகி இருக்கிறது. இழை இருப்பது விரலுக்குத் தெரிகிறது, உறுத்துவதில்லை.

அன்று காலையில் நான் திஞ்ஞனெல்லோ தோட்டம் இருக்கும் குன்றுப் பக்கம் போயிருந்தேன். கிரேவே ஆறும் பேசா ஆறும் ஓடும் இரு பள்ளத்தாக்குகளுக்கு நடுவில், கடல்மட்டத்திலிருந்து 350 மீட்டருக்கு மேலே, தென்மேற்குப் பார்த்த 57 ஹெக்டேர் சரிவு. சாலையோரம் நின்றுதான் பார்த்தேன். கொடிகளில் இலை பழுத்து மஞ்சளும் துருவுமாக இருந்தது. அடியில் மண் தெரிய வேண்டிய இடத்தில் வெள்ளைக் கல். அல்பெரேசே என்ற சுண்ணாம்புக்கல்லும், கையால் நொறுங்கும் கலெஸ்த்ரோ என்ற பாளக்கல்லும் இந்த நிலத்தில் உழ உழ மேலே வரும். அவற்றைப் பொறுக்கி வெளியே எறியாமல், உடைத்துக் கொடியின் காலடியிலேயே பரப்பியிருக்கிறார்கள். வெயில் அந்த வெள்ளையில் பட்டுத் திரும்பிக் குலைக்குக் கீழிருந்தும் வெளிச்சம் தருகிறது. மண்ணின் ஈரம் ஆவியாவதும் குறைகிறது. பிற்பகல் வெயிலைக் கடைசிவரை வாங்கும் சரிவு. இராத்திரி அந்த உயரத்தின் குளிர். வெயில் பழுக்கவைத்ததைக் குளிர் புளிப்புக் கெடாமல் காத்துக்கொடுக்கிறது. 2016 அப்படியொரு ஆண்டாக அமைந்தது: பகல் சூடும் இரவுக் குளிரும் சரியாக முறை மாற்றிக்கொண்ட ஆண்டு. பழம் ஒத்துழைக்காத ஆண்டில் அவர்கள் இந்தப் புட்டியைச் செய்வதே இல்லை. 1972, 1973, 1974, 1976, 1984, 1992, 2002. இந்த ஏழு ஆண்டுக்கும் திஞ்ஞனெல்லோ கிடையாது. செய்ததைவிட, செய்யாமல் விட்ட இந்த ஏழுதான் எனக்கு அவர்கள்மேல் மரியாதையைக் கூட்டுகிறது.

2016-க்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஜாக்கோமோ தாகிஸ் அந்த ஆண்டு பிப்ரவரியில் காலமானார், 82 வயதில். கொடி அப்போது வெறும் கட்டையாக, கத்தரி போட்டு நின்றிருக்கும். அவர் இல்லாத முதல் அறுவடையின் பழம்தான் என் கோப்பையில் இருப்பதும், பக்கத்து மேசையில் இருப்பதும். ஆந்தினோரியை விட்டு அவர் விலகிப் பல காலம் ஆகியிருந்தது. கலவை மட்டும் அப்படியே இருந்தது.

நான்காவது மிடறை எதுவும் சாப்பிடாமல், வெறும் வாயில் குடித்தேன். விழுங்கிய பிறகு எண்ணத் தொடங்கினேன். செர்ரி போனது. கிராம்பு போனது. புளிப்பு அடங்கியது. அதற்கப்புறம் ஏதோ ஓர் உப்பும் கல்லுமான நினைவு, அதன்மேல் மெல்லிய இனிப்பு. இந்த ஒயினில் நாக்குக்குத் தெரியும்படி சர்க்கரை இல்லை. இருந்தும் இனித்தது. நெல்லிக்காய் சொல்லிக்கொடுத்த இனிப்பு. நாற்பதுவரை எண்ணினேன், அதற்குமேல் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

பக்கத்து மேசையில் புட்டி முடியப்போகிறது. பரிமாறும் அம்மா கடைசி ஊற்றில் கையை நிறுத்தி, புட்டியின் தோளில் விளக்கு படும்படி சாய்த்துப் பார்த்தார். கலங்கல் கழுத்துக்கு வரும் முன்பே நிமிர்த்திவிட்டார். பையன் இப்போது கோப்பையைச் சுற்றுகிறான், தாத்தாவைப் போல மேசையிலிருந்து எடுக்காமலே. கொஞ்சம் வேகம் அதிகம். ஒரு துளி விரிப்பில் தெறித்தது. தாய் உப்புக் கிண்ணத்தை நகர்த்தினாள். முதியவர் அந்தத் துளியைப் பார்த்தார், உப்பை எடுக்கவில்லை. அது விரிப்பில் ஊறி, நடுவில் ஊதாவாகவும் ஓரத்தில் சிவப்பாகவும் விரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் எழுந்தார்கள். பணத்தை மகள் கொடுத்தாள். முதியவர் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நிதானமாக நிமிர்ந்தார். பையன் கோட்டை விரித்துப் பிடித்தான். வாசலில் குளிர்காற்று ஒரு வீச்சு உள்ளே வந்து போனது.

என் ஐந்தாவது மிடறு கோப்பையில்தான் இருந்தது. ஆரஞ்சுத் தோல் தூக்கலாக இருந்தது இப்போது. குடித்து முடித்தேன்.

பரிமாறும் அம்மா தட்டுகளை முதலில் அடுக்கினார். பிறகு கோப்பைகள். மகளுடையதை எடுத்தார், பையனுடையதை எடுத்தார். முதியவரின் கோப்பையைக் கையில் எடுத்தவர் தட்டில் வைக்காமல் நின்றார். சுற்றும்முற்றும் பார்க்கவில்லை. காலியான கோப்பையை மூக்கருகே கொண்டுபோய் ஒரு மூச்சு இழுத்தார், நீளமாக. கண் மூடியிருந்தது. பிறகு மூன்றையும் விரலிடுக்கில் தலைகீழாகக் கோத்துக்கொண்டு உள்ளே போனார். தண்ணீர் விழும் சத்தம் உடனே கேட்கவில்லை.